என் வீட்டுக்காரர் மேல் ஒரு புகார்

மார்ச் 3, திங்கள்

காதுக்கு அச்சு எடுக்க வந்த பெரியவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். களிம்பு இறுகும்வரை தலையை ஆட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அதை இவ்வளவு மனப்பூர்வமாக இதுவரை யாரும் கடைப்பிடித்ததில்லை. எழுப்ப மனசே வரவில்லை.

காத்திருக்கும் அறையில் வழக்கம்போல ரேடியோ, அதில் வழக்கம்போல என் வீட்டுக்காரர். ஊருக்கு அவர் ‘லொடலொட’. எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் பேசுவது சரியாகக் கேட்காது. மீதிப் பேர் சிரிப்பதைப் பார்த்து இவர்களும் சிரித்துவைப்பார்கள். காது பரிசோதிக்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான புருஷன் கிடைக்க மாட்டார் என்று என் மேலதிகாரி சொல்வதுண்டு.

இன்று ஒரு பெண்மணி போன் செய்தார். இவர் கேட்டார், “உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது அக்கா?” அந்த அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார், “அம்மாவைப் பெத்தவங்கதான். அழகா தலை வாரி விடுவாங்க.”

பாட்டு, பாட்டி. அறையே சிரித்தது. நானும்தான், கையில் களிம்போடு. போனில் அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் எனக்குள் இருந்த உத்தியோகம் விழித்துக்கொண்டது. உகரத்தையும் இகரத்தையும் பிரித்துக் காட்டுவது கீச்சென்ற மெல்லிய உச்ச ஒலிதான். அது கேட்காமல் போகிறவர்களுக்கு முதலில் குழம்புவது இந்த மாதிரி எழுத்துகள். வந்தால் ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம்.

இவர் அதற்குள், “காதுல மெஷின் மாட்டிட்டு வாங்கக்கா, பாட்டியையே போட்டுருவோம்” என்று லைனைத் துண்டித்துவிட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

அது நேற்றோடு முடியவில்லை. இன்று அந்த அம்மாவை ஒரு கதாபாத்திரமாக்கிவிட்டார். பெயர் ‘டமாரம் அக்கா’. டமாரச் செவிடு என்பதிலிருந்து பிடித்திருக்கிறார். குரல் இவருடையதேதான், மூக்கால் கொஞ்சம் இழுத்துப் பேசுகிறார். நேரம் என்ன என்று கேட்டால் பாரம் தூக்க மாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ‘டம்’ என்று ஒரு மேளச் சத்தம்.

வீட்டில் என் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். ரேடியோவில் தினமும் ‘எங்க அத்தை’ என்று அடிபடுகிற புகழ்பெற்ற மாமியார் அவள்தான். “எங்க அத்தை கதவைத் தட்ட மாட்டாங்க, கதவே பயந்து திறந்துக்கும்” என்று இவர் போன வாரம் சொன்னார். அதற்குப் பதிலாக, மாப்பிள்ளை குளியலறையில் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகுகிறார் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். இரண்டு பேருக்கும் கணக்கு எப்போதும் நேராகிவிடும்.

மார்ச் 6, வியாழன்

ரேடியோ நிலைய மேலாளரே வீட்டுக்குப் போன் செய்து பாராட்டினாராம். இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். டமாரம் அக்காவை விட்டுவிடாதே என்றாராம். இவர் தரையில் கால் பாவாமல் நடக்கிறார்.

“போதுமே. அந்தம்மா கேட்டுட்டிருப்பாங்க இல்ல?” என்றேன்.

“அவங்களுக்குத்தான் கேக்காதே” என்றார்.

உடனே அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 7, வெள்ளி

பஸ்ஸில் ஒரு பெண் நடத்துனரிடம் இரண்டாம் முறை டிக்கெட் விலை கேட்டாள். பின்னால் யாரோ ‘டம்’ என்றார்கள்.

மார்ச் 10, திங்கள்

கணக்கு டீச்சர் வந்திருந்தார். காது மெஷின் வேண்டுமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக மனசுக்குள் கூட்டிக் கழித்துவிட்டு, ஒரு வழியாகப் போன மாதம்தான் வாங்கினார். மாட்டிய அன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து, “மின்விசிறிக்குச் சத்தம் உண்டா?” என்று குழந்தை மாதிரி கேட்டவர். இன்று அதே மெஷினை டப்பாவோடு மேசைமேல் வைத்தார்.

வகுப்பில் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். பின் பெஞ்சில் ஒருவன் மேசையைத் தட்டினான், டம். அப்புறம் வகுப்பு முழுக்க. தலைமுடியைக் காதுமேல் இழுத்துவிட்டுப் பார்த்தாராம். அது இன்னும் மோசம். எதையோ மறைக்கிறார் என்று தெரிந்துவிட்டது.

“கேக்காம இருந்தப்ப நிம்மதியா இருந்தேன்மா” என்றார்.

டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன். உங்கள் பெயரில் பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றேன். அந்த டம்மைக் கண்டுபிடித்தவருக்குக் காலையில் துணி தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்தான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று ராத்திரி எழுதுகிற நிலைமையில் இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே — சாப்பாடு போடும்போதே ஆரம்பித்துவிட்டேன். டீச்சர் கதையைச் சொன்னேன். இவர் வருத்தப்பட்டார், அது உண்மை. ஆனால் பையன்கள் செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்றார். நான்தான் பெஞ்சைத் தட்டினேனா என்றார்.

“யாருமே புண்படக் கூடாதுன்னா நான் மணி மட்டும்தான் சொல்லணும். அதுவும் லேட்டா எழுந்திருச்சவங்களைப் புண்படுத்தும்” என்றார்.

சிரிப்பு வந்துவிட்டது. சண்டையில் இந்த மனுஷனோடு இதுதான் தொந்தரவு. அடக்கிக்கொண்டு, அப்படியானால் நான் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன் என்றேன். குடுத்துக்கோ, வழி தெரியும் இல்லையா, ஏழாம் நம்பர் பஸ் என்றார்.

நான் சும்மா மிரட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் சும்மா மிரட்டினேனா? படுக்கும்வரை எனக்கே தெரியவில்லை. காலையில் எழுந்தபோது தெரிந்தது. இல்லை.

மார்ச் 12, புதன்

ஏழாம் நம்பர் பஸ்ஸில் போனேன்.

நிலையத்தின் முன்கூடத்தில் இவருடைய ஆளுயரப் படம், வாய் முழுக்கப் பல். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் புகாரை எழுதவேண்டியிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் வாங்கிப் படித்துவிட்டு, நேயர்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நிகழ்ச்சியாளரை நேரில் தெரியுமா என்று அடுத்த கேள்வி. தெரியும் என்றேன். எப்படி என்றாள்.

“கல்யாணம் பண்ணியிருக்கேன்.”

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

மார்ச் 13, வியாழன்

தெரிந்துவிட்டது. மேலாளர் இவரைக் கூப்பிட்டு, நேயர் குறைதீர் குழுவுக்கு ஒரு புகார் போயிருக்கிறது, கொடுத்தவர் முகவரி உங்கள் வீட்டு முகவரியாக இருக்கிறது, ஏதாவது தவறு நடந்திருக்குமோ என்று கேட்டாராம்.

சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. குழாய் சொட்டுவது கேட்கிறது. அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, மாப்பிள்ளைக்கு உப்பு வேணுமாம் கேளுடி, அவளுக்குத் தண்ணி வேணுமாம் குடுங்க மாப்பிள்ளை என்று அஞ்சல் சேவை நடத்தினாள். படுக்கப் போகும்போது என்னிடம் மட்டும் கேட்டாள்.

“ஏண்டி, வேலை போயிருச்சுன்னா?”

தெரியலம்மா. இந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம். அதை நான் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுத்தான் போனேன். அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 14, வெள்ளி

கோபத்திலும் காலையில் ஸ்கூட்டரில் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டார். ஹெல்மெட் பட்டையை எனக்கு மாட்டிவிட்டதும் அவர்தான். பேச்சு மட்டும் இல்லை.

மார்ச் 20, வியாழன்

விசாரணை. புகார் கொடுத்தவரும் புகாருக்கு ஆளானவரும் ஒரே ஸ்கூட்டரில் போய் இறங்கினோம். மழை தூறியதால் ஒரே மழைக்கோட்டுக்குள். வாசலில் நின்ற மேலாளரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள். முதல் நாள் போனிலிருந்து ஐந்து ஒலிப்பதிவுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டார்கள். முதல் நாளுடையதற்கு நீதிபதி அம்மாளே சிரித்துவிட்டார். கடைசி நாளுடையது ஓடும்போது அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் பக்கத்தை இவர் நன்றாகத்தான் சொன்னார். சட்டத்தில் குற்றமான எதையும் தான் சொல்லவில்லை. இதற்கெல்லாம் வாயைக் கட்டினால், நாளைக்குப் பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்யும்போதும் இதே கயிற்றைக் கொண்டுவருவார்கள் என்றார். அது நியாயமான பயம்தான். எனக்கே கை தட்டலாம்போல இருந்தது.

அப்புறம் நீதிபதி அம்மாள் என் பக்கம் திரும்பினார். உங்கள் சொந்த அம்மாவைத் தினமும் கேலி செய்கிறாரே, அதற்கு ஏன் நீங்கள் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டார்.

தயாராகப் போன பதில் எதுவும் உதவவில்லை. “அம்மா சாப்பாட்டு மேசைலயே திருப்பிக் குடுத்துருவாங்க மேடம். சில நாள் வட்டியோட. டீச்சர் யார்கிட்ட குடுப்பாங்க?” என்றேன். சட்டம் மீறினார் என்று நான் வரவில்லை, அவர் வாயை மூடச் சொல்லியும் வரவில்லை, இந்த ஒன்றை நிறுத்தினால் போதும் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டிலைத் தள்ளிவைத்தது யார் என்று பார்த்தால், எதிர்க்கட்சி.

மார்ச் 21, வெள்ளி

முடிவு வந்தது. டமாரம் அக்கா நிறுத்தம். இவருக்கு இரண்டு வாரம் ஒலிபரப்பு இல்லை. திரும்பி வரும் நாளில் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பற்றி அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். ‘பார்க்கலாம்’ — இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன். பக்கத்தில் இவரும் புரண்டுகொண்டிருந்தார். ஒருவருக்கொருவர் தூங்குவதுபோல நடித்தோம்.

மார்ச் 22, சனி

நிலையத்திலிருந்து மன்னிப்பு வாசகம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ‘எங்கள் நிகழ்ச்சியால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்.’ இவர் அதை வாசித்துக் காட்டினார். நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

அம்மா எழுந்து வந்து, கையில் இருந்த தம்ளர் தண்ணீரை நிதானமாக இவர் சட்டைமேல் ஊற்றினாள்.

“உங்க சட்டை நனைஞ்சிருந்தா வருந்துறேன் மாப்பிள்ளை” என்றாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் சொட்டச் சொட்ட அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் தோள் குலுங்க ஆரம்பித்தது. பத்து நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அந்தக் காகிதத்தை மடித்துக் காலாடும் நாற்காலிக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

பேசித் தீர்க்க ஒலிபெருக்கி இல்லாததால் வீட்டில் பேசித் தீர்க்கிறார். சமையலறை அலமாரியை அடுக்கினார், நேர்முக வர்ணனையோடு. “இதோ மூடி இல்லாத டப்பா... அதோ டப்பா இல்லாத மூடி... இருவரும் சந்திப்பார்களா நேயர்களே...” அம்மா பொறுக்க முடியாமல் கோபித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு எந்த டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

பாட்டி என்று சொன்ன அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் முதலில் அவரிடம்தான் என்று இவரே நேற்றுச் சொன்னார். நிலையத்தில் நம்பர் வாங்கிப் போன் செய்தோம். இவர் சொல்வது அந்த அம்மாவுக்குப் புரியவே இல்லை. கடைசியில் அவர் மகள் வாங்கி வழி சொன்னாள். இவர் என்னையும் வரச் சொன்னார். நான் எதற்கு என்றேன். பயமா இருக்கு என்றார். மைக் முன்னால் லட்சம் பேரோடு பேசுகிறவர்.

தையல் கடை. ஒரு கதவு அகலம்தான். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோவும் ஓடிக்கொண்டிருந்தது — போட்டி நிலையம். இவர் முகம் அதிலேயே பாதி சுருங்கிவிட்டது.

எதிரில் நின்று, வாய் தெரிகிற மாதிரி நிதானமாகப் பேசுங்கள் என்று நான் சொல்லிக் கூட்டிப்போயிருந்தேன். தான் யார் என்று சொன்னார். அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, டேப்பால் அளக்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார்.

“ரேடியோல ஒல்லியா இருந்தீங்களே” என்றார்.

இவர் சட்டென்று நிமிர்ந்து நின்றார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் துணிக் கட்டுகள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் இவர் சொன்னார். தப்புப் பண்ணிட்டேன்க்கா, மன்னிச்சிருங்க என்று. ‘இருந்தால்’ எதுவும் இல்லாமல். அந்த அம்மா சட்டை ஒன்றுக்குப் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டார். நூலை அறுத்துவிட்டுத்தான் பேசினார்.

“மொத நாள் நானும் சிரிச்சேன் தம்பி. பாட்டியைச் சொன்னா யாருக்குத்தான் சிரிப்பு வராது. மறுநாள் ரேடியோவைப் போடறேன், நான் லைன்லயே இல்ல. நான் இல்லாமலே நான் பேசிட்டிருக்கேன்.”

தைத்த துணியை வாங்க வருகிறவர்கள் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்களாம். ஒருத்தி முகத்துக்கு நேராகவே டமாரம் அக்கா என்று கூப்பிட்டாளாம். அன்றைக்குத்தான் நிலையத்தை மாற்றினேன் என்றார்.

இவர் தட்டில் சிதறிக் கிடந்த பித்தான்களை நிறம் பார்த்துப் பிரித்து வைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவும் தடுக்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா, “இதெல்லாம் சரி, நான் கேட்ட பாட்டு என்னாச்சு?” என்றார். பாட்டுக் கேட்கத்தானே போன் செய்தார். அதை எல்லோருமே மறந்துபோனோம். பெயரைக் கேட்டு இவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நான் என் பங்குக்கு, கிளினிக்குக்கு வாருங்கள், காதை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றேன். வருகிறேன், ஆனால் மெஷின் மாட்டு மாட்டு என்று பிடுங்கக் கூடாது என்றார். ஒப்புக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கணக்கு டீச்சர் திரும்ப வந்தார். டப்பாவைக் கொடுங்கள் என்றார், கடனாகக் கொடுத்த பாத்திரத்தைக் கேட்கிற மாதிரி. என்ன ஆயிற்று என்றேன். எவன் தட்டினாலும் தட்டிக்கொள்ளட்டும் என்று தோன்றிவிட்டதாம். வகுப்பில் இதை மாட்டிக் காட்டிச் சொல்லப் போகிறாராம்:

“நீங்க கத்துனா நான் இதை அணைச்சிட்டு நிம்மதியா உக்காருவேன். வேற எந்த டீச்சருக்கும் இந்த வசதி இல்ல.”

இந்த முறை மறைக்காமல் சொன்னேன், லொடலொட என் வீட்டுக்காரர்தான் என்று. தெரியுமே, புகார் கொடுத்ததும் நீங்கள்தானே, பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும் என்றார். இந்த ஊரில் எதையும் மறைக்க நான்தான் சிரமப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 7, திங்கள்

திரும்பி வந்துவிட்டார். மன்னிப்பைச் சுருக்கமாகக் கேட்டார், தன் வார்த்தையில். “ஒரு அக்கா பாட்டுக் கேட்டு போன் பண்ணாங்க. நான் பாட்டைப் போடாம அவங்களைப் போட்டுக் காட்டினேன். அது தப்பு. யார் யாரையெல்லாம் அது சுட்டுதோ அவங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.” அப்புறம் அந்த அம்மா கேட்ட பாட்டு. முழுசாக ஓடியது, நடுவில் பேசவே இல்லை.

ஏப்ரல் 9, புதன்

கொஞ்சம் அதிகமாகவே திருந்திவிட்டார். காலையில் கேட்டால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது. ‘இன்று போக்குவரத்து நெரிசல் உள்ளது. ஓட்டுநர்கள் அனைவரும் சிறப்பாக ஓட்டுகிறார்கள்.’ காத்திருக்கும் அறையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். இதற்கா புகார் கொடுத்தேன்?

வீட்டில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று நாளாக ‘எங்க அத்தை’ வரவில்லை. “நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று கேட்கிறாள்.

ஏப்ரல் 10, வியாழன்

ராத்திரி படுத்துக்கொண்டே பேசினோம். எது சொல்லலாம் எது கூடாது என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடு, அதன்படி நடந்துவிடுகிறேன் என்றார். அப்படிப் பட்டியல் இருந்தால் முதலில் நான்தான் மீறுவேன் என்றேன். கிளினிக்கில் நாங்கள் எங்களுக்குள் பேசுவதை வெளியே சொல்ல முடியுமா?

அப்போ எப்படித்தான் தெரியும் என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். என் பக்கம் திரும்பிப் படுத்து, நான் யாரைச் சொல்றேனோ அவங்க எதிர்ல நிக்கிறாங்கன்னு நெனச்சுட்டுப் பேசிப் பாக்குறேன் என்றார். சொல்லிவிட்டு உடனே தூங்கிப்போனார், நிஜமாகவே.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று கிளினிக்கில் ஒரு அமர்க்களம். இவர் வானிலை மையத்து அதிகாரியை இழுத்துவிட்டிருக்கிறார். “அவர் மழை வரும்னு சொன்னா தைரியமா துணி காயப் போடலாம்” என்று. சொன்னதோடு விடவில்லை, சார், கேட்டுட்டிருந்தா லைனுக்கு வாங்க என்று கூப்பிட்டும்விட்டார். பாட்டு முடிவதற்குள் மனுஷர் நிஜமாகவே வந்துவிட்டார்.

மிகவும் சாதுவான குரல். “நான் மழைன்னு சொன்னா வருமா வராதான்னு சந்தேகம்தான் சார். நீங்க மைக் முன்னாடி வாயைத் திறந்தா சாரல் நிச்சயம்னு உங்க நிலையத்துலயே சொல்றாங்க.”

அறை அதிர்ந்தது. ஒலி புகாத அறைக்குள் பீப் சத்தத்துக்குக் கை தூக்கிக்கொண்டிருந்தவர் கதவைத் திறந்து என்ன என்ன என்று எட்டிப் பார்த்தார். ரேடியோவில் இவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அடுத்த பாட்டைப் போடக் கை வரவில்லை.

சாயங்காலம் வந்ததும் வராததுமாக அதே பேச்சு. “அவர் சொன்னது என்னுதை விட நல்லா இருந்துச்சுல்ல?” அம்மாவிடம் ஒரு தடவை, காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு தடவை, அம்மாவிடம் மறுபடியும் ஒரு தடவை. அம்மா சட்டென்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆமா மாப்பிள்ளை, சாரல்தான் என்றாள்.

ஒரு வருஷத்துக்கான ஒப்பந்தம் வந்திருக்கிறது. வந்ததையே சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார். சாப்பாட்டு மேசையில் கையெழுத்துப் போடாமல் கிடக்கிறது. அந்த வானிலைக்காரரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாமா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கூப்பிடலாம். மொட்டை மாடியிலேயே நாற்காலி போட்டுவிடலாம். மழை வராது என்று அவர் சொன்னால் மட்டும் கீழே.